தகரக் கூரை அறையில் சூடேறி நின்றுபோகும் பழைய பிளேஸ்ரேசன் 4: வீட்டில் என்ன செய்யலாம்?

பாலைமரம், ஒட்டுசுட்டான்:

உறவுகளுக்கு வணக்கம். என் தம்பியின் பிளேஸ்ரேசன் 4 விளையாட்டுப் பெட்டி பற்றி உங்களிடம் உதவி கேட்க வந்திருக்கிறேன். இலண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு, ஊருக்கு வந்தபோது தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. அடிப்பக்க ஒட்டியில் சி.யூ.எச்-11 என்று தொடங்கும் எண் இருக்கிறது, ஆகவே முதலில் வந்த தடித்த வகைதான். கடந்த 2 மாதங்களாக, விளையாடத் தொடங்கி 15 அல்லது 20 நிமிடங்களில் உள்ளே விசிறி அலறத் தொடங்குகிறது. பிறகு திரையில் வெப்பமானிப் படத்துடன் சூடு மிகுந்துவிட்டதாக ஓர் அறிவித்தல் வருகிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி நின்றுவிடுகிறது.

ஒரு திருத்தகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், போட் (உள்ளே இருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகை) பழுதாகிவிட்டது, சூடான காற்று அடித்து ஈயத்தை உருக்கி ஒட்டவைக்க வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன். எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. முன் விறாந்தையைத் தகரம் போட்டு அடைத்து எடுத்த அறையில், தொலைக்காட்சி மேசையின் கீழ்த் தட்டில்தான் பெட்டி இருக்கிறது. தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவன். கிழமையில் இரண்டு நாள் மட்டும் விளையாடுவான், அதையும் இழந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறான். அவனுக்காகவாவது இதைச் சரிசெய்ய விரும்புகிறேன்.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

வணக்கம் தங்கச்சி. நான் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சி, கணினி, விளையாட்டுப் பெட்டி ஆகியவற்றைத் திருத்திவருகிறேன். முதலில் ஒரு ஆறுதல் சொல்கிறேன். திரையில் வெப்பமானிப் படத்துடன் அறிவித்தல் வருகிறது என்றால், வெப்பத்தை அளக்கும் பகுதியும் விசிறியும் மூளைச் சில்லும் வேலை செய்கின்றன, பெட்டி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது என்றுதான் பொருள். போட் செத்த பெட்டி இப்படி ஒழுங்காக அறிவித்துவிட்டு நிற்பதில்லை. திறந்து பார்க்காமல் போட் பழுது என்று சொன்னதை நீங்கள் ஏற்காமல் வந்தது சரியான முடிவு.

இனிச் சில கேள்விகள். எந்த நேரத்தில் நின்றுபோகிறது, பகலிலா இரவிலா? இரவு 10 மணிக்குப் பிறகு விளையாடினாலும் அதே 20 நிமிடந்தானா? மேசையின் கீழ்த் தட்டுக்குப் பின்பலகை இருக்கிறதா, சுவருக்கும் பெட்டிக்கும் எவ்வளவு இடைவெளி? இவற்றுக்குப் பதில் வந்த பின்புதான் திருப்புளியைக் கையில் எடுப்பது பற்றிப் பேசலாம். முடிந்தால் அறையின் சூட்டை ஒரு வெப்பமானியால் அளந்து சொல்லுங்கள். நம்மிடம் வரும் சூட்டுப் பழுதுகளில் பாதி பெட்டிக்குள் இருப்பதில்லை, அறைக்குள் இருக்கிறது.

காற்றுவழி, மல்லாவி:

அக்கா, எங்கள் வீட்டுக் கணினி இப்படித்தான் நின்றுநின்று போனது. சந்தியில் உள்ள ரயர் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோய்க் கொம்பிறசரால் காற்றடித்தோம், புகைபோலத் தூசி வெளியே வந்தது, அன்றிலிருந்து பிரச்சினை இல்லை. உங்கள் பெட்டியையும் திறக்காமலே பக்கவாட்டுத் துவாரங்களில் அடித்துப் பாருங்கள். செலவும் பெரிதாக இராது.

பாலைமரம், ஒட்டுசுட்டான்:

ஈயப்பற்று அண்ணாவுக்கு நன்றி. வீட்டில் வெப்பமானி இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மா கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருக்கும் பெட்டியில் ஒன்று இருந்தது நினைவுக்கு வந்து, அதைக் கழற்றி எடுத்து இரண்டு நாள் அளந்தேன். காலை 8 மணிக்கு அறையில் 29 பாகை. பிற்பகல் 2 மணிக்கு 38. இரவு 10 மணிக்கு 30. இதை எழுதும்போது எனக்கே திகைப்பாக இருக்கிறது, ஏனென்றால் முட்டை பொரிப்பதற்கு அம்மா அந்தப் பெட்டிக்குள் வைத்திருப்பது 37.5 பாகை.

தம்பி விளையாடிக்கொண்டிருந்தபோது வெப்பமானியைத் தட்டுக்குள், பெட்டியின் பின்புறம் வைத்துப் பார்த்தேன். 15 நிமிடத்தில் 47 பாகை காட்டியது, அதன்பின் சிறிது நேரத்தில் பெட்டி நின்றுவிட்டது. தட்டுக்குப் பின்பலகை உண்டு, கம்பி போவதற்கு ஒரு சிறு துளை மட்டும் இருக்கிறது. பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளிதான். இரவில் ஒன்றரை மணி நேரம் வரை ஓடுகிறது, ஆனால் விசிறியின் அலறல் குறைவதில்லை.

காற்றுவழித் தம்பி சொன்னதைச் செய்யலாமா என்றும் சொல்லுங்கள். ரயர் கடை எங்கள் வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

நீங்கள் அளந்து எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. இந்தப் பெட்டியுடன் வரும் கையேட்டில், இயங்கும் சூழலின் வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்றும், சுவரிலிருந்து குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் அறை பகல் 2 மணிக்கு 38. பெட்டி இன்னும் இயக்கப்படவே இல்லை, அதற்குள் எல்லையைத் தாண்டிவிட்டது. அதைப் பின்பலகை உள்ள தட்டுக்குள் வைத்தால், தான் ஊதிய சூட்டையே திரும்பத் திரும்ப உள்ளிழுக்கிறது. அந்தக் காற்றுத்தான் 47.

விசிறியின் வேலையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை, உள்ளே வரும் காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். பாரமான விளையாட்டு ஒன்று ஓடும்போது இந்த வகைப் பெட்டி ஏறக்குறைய 140 வாற்று மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது, அதாவது அந்தக் காலத்து 100 வாற்றுக் குண்டு மின்விளக்கு ஒன்றரை அளவு சூடு அந்தச் சிறிய பெட்டிக்குள் பிறக்கிறது. விசிறி ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே வரும் காற்று 10 பாகை கூடினால் சில்லின் சூடும் ஏறக்குறைய அதே 10 பாகை கூடும். இலண்டனில் 20 பாகை அறையில் சத்தமில்லாமல் ஓடிய பெட்டி, வன்னியில் தகரத்தின் கீழ் அலறுவதற்கு இதுதான் முதற்காரணம்.

ஆனால் மற்றப் பாதியும் இருக்கிறது. இரவில் அறை 30 பாகைதான், அப்போதும் அலறல் குறையவில்லை, ஒன்றரை மணி நேரத்தில் நிற்கிறது என்கிறீர்கள். சுத்தமான பெட்டி 30 பாகையில் நிற்கக்கூடாது. ஆகவே உள்ளேயும் அடைப்பு இருக்கிறது. முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். பெட்டியைத் தட்டிலிருந்து வெளியே எடுத்து, மேசைக்கு மேலே, நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். துணி விரிப்பின் மேல் வைக்க வேண்டாம், வெறும் பலகையில் வையுங்கள். இந்தப் பெட்டி இடுப்பைச் சுற்றியுள்ள நீண்ட வெட்டுகளால் காற்றை இழுத்து, பின்பக்கத்தால் வெளியே தள்ளும். இடுப்பும் முதுகும் திறந்திருக்க வேண்டும். இரண்டு நாள் அப்படி ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

காற்றுவழித் தம்பி, உங்கள் கணினிக்கு அது பலித்திருக்கலாம், ஆனால் இந்தப் பெட்டிக்கு அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ரயர் கடைக் கொம்பிறசரின் தாங்கியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும், காற்றோடு அவையும் துளியாக வரும். அந்த ஈரத்தில் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும். அது மட்டுமன்று, அந்த அழுத்தத்தில் விசிறி தன் இயல்பான வேகத்துக்கு மேலே சுற்றும், அதன் அச்சைத் தாங்கும் பகுதி தேய்ந்துபோகும், சுற்றும் விசிறி மின்பிறப்பாக்கி போலப் போட்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். திறக்காமல் வெளியிலிருந்து அடிக்கும்போது இன்னொரு தீங்கு உண்டு. தூசி வெளியே வருவதைவிட, சில்லின் சூட்டை வாங்கி வெளியேற்றும் வெப்பத் தகட்டின் இதழ்களுக்குள் இன்னும் இறுக்கமாகப் போய்ச் செருகிக்கொள்வதே அதிகம்.

நெற்கதிர், பரந்தன்:

பிள்ளை, நாங்கள் தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஈரச் சாக்குப் போடுவோம், எந்தக் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். அப்படி ஓர் ஈரச் சாக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, மேசை விசிறியால் அதனூடாகக் காற்றை விட்டால் சூடு குறையாதா?

ஈயப்பற்று, கிளிநொச்சி:

ஐயா, நீங்கள் சொல்லும் தத்துவம் சரியானது, காற்று குளிரவும் செய்யும். ஆனால் குளிரும் காற்றோடு ஈரமும் பெட்டிக்குள் போகும். உள்ளே ஏற்கெனவே தூசி படிந்திருக்கிறது, ஈரத்தூசி மின்சாரத்தைக் கடத்தும். மேசை விசிறியை மட்டும், சாக்கில்லாமல், அறையின் சூடான காற்றை யன்னல் வழியாக வெளியே தள்ளும் விதமாக வைத்தால் பயன் உண்டு. பெட்டியின் பின்பக்கத்துக்கு நேரே விசிறியை வைத்து ஊதக்கூடாது, வெளியே வர வேண்டிய சூட்டை அது உள்ளே தள்ளிவிடும்.

பாலைமரம், ஒட்டுசுட்டான்:

சொன்னபடி மேசைக்கு மேலே வைத்து இரண்டு நாள் பார்த்தோம். பகல் 2 மணிக்கு, அறை 38 பாகையில், 20 நிமிடம் 35 நிமிடமாகக் கூடியிருக்கிறது. இரவில் 2 மணி நேரம் நிற்காமல் ஓடியது, ஆனால் அலறல் அப்படியே இருக்கிறது. பக்கத்து அறையில் அம்மாவுக்கு உறக்கம் வருவதில்லை. திறந்து சுத்தம் செய்யத் துணிந்துவிட்டேன். தையல் இயந்திரத்தை நானேதான் கழற்றிப் பூட்டுவேன், ஆகவே திருகாணி எனக்குப் புதிதன்று. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணா.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

தையல் இயந்திரம் கழற்றத் தெரிந்தவருக்கு இது இயலாத வேலை இல்லை. பொறுமைதான் முக்கியம். பரபரப்பில்லாத ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள், வியர்வை சொட்டும் நடுப்பகலில் செய்ய வேண்டாம்.

முதலில் கருவி. பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள 4 திருகாணிகளின் தலை ஆறு முனை நட்சத்திரம் போலவும், நடுவில் ஒரு சிறு முளையுடனும் இருக்கும். டொர்க்ஸ் ரி8 அல்லது ரி9, நுனியில் துளையுள்ள வகை என்று கேட்டு வாங்குங்கள். கைத்தொலைபேசி திருத்தும் கருவித் தொகுதிகளில் பெரும்பாலும் இருக்கும். சாதாரண நட்சத்திரத் திருப்புளியை வைத்து நெம்பினால் தலை மழுங்கிப் பிறகு எவராலும் கழற்ற முடியாமல் போகும். இவற்றுடன் ஒரு புதிய ஓர் அங்குலப் பெயின்ற் தூரிகை, ஒரு சிறு மென்தூரிகை, ஒரு முட்டை அட்டை. முட்டை அட்டை எதற்கு என்றால், கழற்றும் திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கில் ஒவ்வொரு குழியிலும் போட்டுவைக்கலாம். இந்தப் பெட்டியில் நீளமும் தடிப்பும் வேறுபட்ட திருகாணிகள் உண்டு, இடம் மாறினால் துன்பம். ஒவ்வொரு படியிலும் தம்பியைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மின்கம்பி, எச்டிஎம்ஐ கம்பி எல்லாவற்றையும் கழற்றி அரை மணி நேரம் விட்டபின் தொடங்குங்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பின்பக்கத் திருகாணிகள் நான்கையும் எடுங்கள், சில ஒட்டிகளுக்குக் கீழே மறைந்திருக்கும். பின்விளிம்பிலிருந்து தூக்கினால் அடிமூடி கழன்றுவரும். உள்ளே கைக்குத் தெரிவது மூன்று: வட்டமான கறுப்பு விசிறி, இறுவட்டு ஓட்டி, நீண்ட பெட்டி போன்ற மின்வழங்கி. மின்வழங்கியின் திருகாணிகளையும் அதன் பக்கத்தில் உள்ள சிறு கம்பியையும் கழற்றி, அதை நேராக மேலே தூக்குங்கள். அது கீழே இரண்டு தகட்டு முனைகளில் செருகி நிற்கும், சாய்த்து இழுத்தால் முனை வளையும். மின்வழங்கியை எக்காரணம் கொண்டும் உள்ளே திறக்காதீர்கள், தம்பியையும் திறக்க விடாதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பின்பும் அதன் கொள்ளளவிகளில் ஆளைத் தூக்கிப் போடும் மின்னேற்றம் நிற்கக்கூடும். வெளியிலிருந்து அதன் துவாரங்களைத் தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

மின்வழங்கியை எடுத்ததும் வெப்பத் தகட்டின் இதழ்கள் தெரியும். விசிறி ஊதும் காற்று முதலில் இந்த இதழ்களுக்குள் நுழைந்து, பிறகு மின்வழங்கியின் ஊடாகப் பின்பக்கத்தால் வெளியேறுகிறது. ஆகவே இதழ்களின் வாய் அடைபட்டால் சில்லும் மின்வழங்கியும் இரண்டும் சேர்ந்து வேகும். அந்த வாயைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும்.

ஒட்டுமொத்தமாக இன்று இதுவரை மட்டும் செய்யுங்கள். வெப்பப் பசை மாற்றுவது அடுத்த கட்டம், அதற்குப் போட்டையே வெளியே எடுக்க வேண்டும். சுத்தம் செய்ததிலேயே சரியாகிவிட்டால் அது தேவைப்படாமலும் போகலாம்.

பாலைமரம், ஒட்டுசுட்டான்:

இன்று காலை திறந்தோம். எழுதாமல் இருக்க முடியவில்லை. விசிறியின் இறக்கைகளில் செம்மண் நிறத்தில் மெல்லிய படிவு மட்டுமே இருந்தது. அதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று ஏமாந்துபோனேன். மின்வழங்கியைத் தூக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. விசிறிக்கும் இதழ்களுக்கும் இடையில், இதழ்களின் வாய் முழுவதையும் மூடிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் கம்பளி போன்ற ஒரு பாய் படிந்திருந்தது. சிறு குறட்டால் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன், கிழியாமல் முழுப் பாயும் ஒரே துண்டாக வந்தது. என் சுண்டுவிரல் நீளம், ஓர் ஒற்றை ரூபாய்க் குற்றியின் தடிப்பை விட அதிகம். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது அதற்குள் துணி நூல், தலைமயிர், நெல் உமியின் பொன்னிறத் துண்டுகள், ஒரு கரப்பான் பூச்சியின் காய்ந்த முட்டைக்கூடு எல்லாம் பின்னிக் கிடந்தன. காலபோக வெள்ளாமை வெட்டிச் சூடடித்த நாள்களில் முற்றத்திலிருந்து பறந்த உமி, தட்டு வழியாக இதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இலண்டனிலிருந்து வந்த நூலும் எங்கள் வயல் உமியும் ஒரே பாயில் இருந்ததைத் தம்பி வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்டி இயக்கியபோது முதலில் விசிறி சுற்றவில்லையோ என்று பயந்தேன். காதைக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் மெல்லிய இரைச்சல் கேட்டது. இரவு 3 மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஆனால் பகல் 2 மணிக்கு, 38 பாகையில், 50 நிமிடத்தில் மீண்டும் அலறி நின்றுவிட்டது.

கடலோரம், முல்லைத்தீவு:

எங்களுக்கு இதே வகைப் பெட்டி இருக்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்பதால் எங்கள் தொல்லை வேறு. உப்புக்காற்றில் பின்பக்கத் திருகாணிகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. இதழ்களில் தூசியோடு உப்பும் சேர்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தூரிகைக்கு அசையவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிற்றால் துடைக்கலாமா? தூசி போகாமல் இருப்பதற்குத் துவாரங்களில் மெல்லிய நைலோன் வலையை ஒட்டிவைக்கலாமா என்றும் யோசிக்கிறோம்.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

கடலோரம் அவர்களுக்கு: சேர்ஜிக்கல் ஸ்பிரிற் என்று விற்கப்படுவதில் ஆமணக்கெண்ணெய் கலந்த வகை உண்டு. அது தோலுக்கு இதம், ஆனால் உலோகத்தில் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், அந்தப் படலம் அடுத்த தூசியைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஐசோபுறொப்பைல் அற்ககோல், 90 வீதத்துக்கு மேற்பட்டது, இலத்திரனியல் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். உப்புக்கு அற்ககோல் மட்டும் போதாது, உப்பு நீரில்தான் கரையும். வெப்பத் தகட்டைத் தனியே கழற்றி எடுத்தவர்கள் மட்டும் அதை நல்ல தண்ணீரில் கழுவி, அற்ககோல் ஊற்றி, நிழலில் ஒரு நாள் உலரவிட்டுப் பூட்டலாம். போட்டோடு இருக்கும்போது தண்ணீர் வேண்டாம். துருப்பிடித்த திருகாணிக்கு ஒரு துளி துருநீக்கி எண்ணெயைக் குச்சி நுனியால் வைத்து இரவு முழுக்க விடுங்கள், தெளிக்க வேண்டாம். வலையைப் பற்றி: ஒட்டாதீர்கள். தூசியைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும், ஒரு மாதத்தில் அதன் மேலேயே பாய் விரிந்துவிடும். விளையாடி முடித்து, பெட்டியை முற்றாக அணைத்து, சூடு ஆறிய பின் ஒரு பருத்தித் துணியால் மூடிவையுங்கள், இயக்கும்போது எடுத்துவிடுங்கள். செம்மஞ்சள் விளக்கு எரியும் ஓய்வு நிலையில் மூடக்கூடாது, அப்போதும் அது மின்சாரம் எடுத்துச் சூடாகிக்கொண்டுதான் இருக்கும்.

தங்கச்சிக்கு: அடைப்பு நீங்கியும் பகலில் நிற்கிறது என்றால், பசையைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. சில்லுக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையில் உள்ள பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து சுண்ணாம்பு போலாகும், சூடு சில்லிலிருந்து தகட்டுக்குப் போக வழியில்லாமல் நிற்கும். கடையில் தேமல் பேஸ்ற் என்று கேட்க வேண்டும், கணினிக்குப் போடும் அதே பசைதான். வெப்பத் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் விசைத்தகடு ஒன்று போட்டின் மறுபக்கத்தில் இரண்டு திருகாணிகளால் பூட்டியிருக்கும். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு மற்றதற்குப் போகாமல், இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறிமாறித் தளர்த்துங்கள், பூட்டும்போதும் அப்படியே. பழைய பசையைப் பஞ்சுக் குச்சியும் அற்ககோலும் கொண்டு, சில்லின் முகம் கண்ணாடிபோல் தெரியும்வரை துடையுங்கள். சுரண்டக்கூடாது. புதிய பசையைச் சில்லின் முகம் மறையும் அளவுக்கு மட்டும், பழைய தொலைபேசி அட்டையின் விளிம்பால் மெல்லிதாகத் தடவுங்கள். தடித்துப் பூசினால் பசையே போர்வையாகிவிடும். சுற்றியிருக்கும் நினைவகச் சில்லுகளின் மேல் மென்மையான ரப்பர் போன்ற துண்டுகள் இருக்கும். அவற்றுக்குப் பசை பூச வேண்டாம், கிழியாமல் எந்த இடத்தில் இருந்தனவோ அந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

பழையபொறி, வவுனியா:

இடையில் ஒரு கேள்வி. அந்தத் திருத்தகம் சொன்ன சூடான காற்று வேலையை எல்லோரும் பொய் என்றே தள்ளிவிட வேண்டுமா? என் நண்பரின் பழைய எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி மூன்று சிவப்பு விளக்குடன் நின்றபோது, காற்று அடித்ததும் உயிர்த்தது. நான் கண்ணால் கண்டேன்.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

நீங்கள் கண்டது உண்மை. அது எவ்வளவு நாள் ஓடியது என்பதையும் நண்பரிடம் கேட்டு எழுதுங்கள். எக்ஸ்பொக்ஸ் 360 2005 நவம்பரில் வெளிவந்தது. மூன்று சிவப்பு விளக்குப் பழுது பெருகியதால், 2007 யூலையில் அதைச் செய்த மைக்ரோசொவ்ற் நிறுவனமே அந்தப் பழுதுக்கு உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டி, அதற்காக 100 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஒதுக்கியது. சூடேறி விரிவதும் ஆறிச் சுருங்குவதும் ஆயிரம் தடவை நடந்தால், சில்லைப் போட்டோடு ஒட்டித் தாங்கும் நுண்ணிய உலோகப் பற்றுகள் வெடித்துப் போகும். காற்றடிக்கும்போது அவை தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், வெடிப்பு ஆறுவதில்லை. ஈயம் கலக்காத பற்று உருகுவதற்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும், பழைய ஈயப் பற்றுக்கு 183 போதும். ஐரோப்பாவில் 2006 யூலை 1 முதல் இத்தகைய பொருள்களில் ஈயம் தடைசெய்யப்பட்டதால், நாம் பேசும் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. அந்தச் சூட்டைக் கணக்கில்லாமல் கைக்காற்றால் ஏற்றினால், நல்ல பகுதிகளும் பொசுங்கும். என்னிடம் வந்தவற்றில், காற்றடித்துப் பிழைத்தவை சில கிழமைகளில் மீண்டும் வந்தன, முன்னதைவிட மோசமான நிலையில். மேலும், பாலைமரம் தங்கச்சியின் பெட்டிக்கு அந்த நோயே இல்லை. தூசி அடைத்த பெட்டிக்கு அந்த வைத்தியம் செய்திருந்தால், பாய் உள்ளேயே இருந்திருக்கும்.

பழையபொறி, வவுனியா:

நண்பரிடம் கேட்டேன். 5 கிழமை ஓடியதாம். விளக்கத்துக்கு நன்றி ஐயா.

பாலைமரம், ஒட்டுசுட்டான்:

பசை வாங்கக் கிளிநொச்சிக்கு வர ஒரு கிழமை பிந்திவிட்டது, மன்னியுங்கள். நேற்று மாற்றினோம். பழைய பசையை அண்ணா சொன்னது போலவே கண்டேன், பஞ்சுக் குச்சி பட்டதும் காய்ந்த திருநீற்றுக்கட்டி போலப் பொடிந்து உதிர்ந்தது. விசைத்தகட்டுத் திருகாணிகளை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கும்போது தம்பி சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான். இறுவட்டு ஓட்டியின் தட்டையான கம்பியை முதலில் சரியாகச் செருகவில்லை, இறுவட்டை ஏற்க மறுத்தது. படத்தைப் பார்த்துத் திரும்பவும் செருகியதும் சரியாகிவிட்டது.

இன்று பகல் 2 மணிக்கு, அறை 37 பாகையில், ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. விசிறி உரக்கச் சுற்றுகிறது, ஆனால் அலறல் இல்லை, அறிவித்தலும் வரவில்லை. இரவில் அது இயங்குகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

மனம் நிறைந்தது தங்கச்சி. ஆனால் 37 பாகையில் ஓடுகிறது என்பதற்காக 37 பாகையில் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கையேட்டின் 35 என்ற எல்லை அப்படியேதான் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் சூடும் சேர்ந்து வரும். பகல் 11 முதல் 4 வரை அதற்கு ஓய்வு கொடுங்கள், ஆண்டுக்கு ஒரு தடவை, சூடடிப்பு முடிந்த கையோடு, அந்த இதழ்களின் வாயை மட்டும் திறந்து துடையுங்கள். பசைக்கு இனிச் சில ஆண்டுகள் பார்க்கத் தேவையில்லை.

நெற்கதிர், பரந்தன்:

சாக்குத்தான் பொருந்தவில்லை, இதையாவது கேளுங்கள் பிள்ளை. வெயில் தகரத்தில் படாமல் தடுத்தால் அறை தானாக ஆறும். எங்கள் மாட்டுக்கொட்டிலின் தகரத்துக்கு மேலே கிடுகு பரப்பிக் கயிற்றால் கட்டியிருக்கிறோம். அதன் கீழ் நிற்பதற்கும் பக்கத்து வெறும் தகரத்தின் கீழ் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை உச்சந்தலையே சொல்லும். ஒரு வரிசை போதாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி இரண்டு வரிசை போடுங்கள். நெருப்புப்பொறி பறக்கும் அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் போட வேண்டாம்.

ஈயப்பற்று, கிளிநொச்சி:

ஐயா சொன்னதை நான் முதற்பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்கும் நல்லது, அந்த அறையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்லது.

பாலைமரம், ஒட்டுசுட்டான்:

அப்பாவும் மாமாவும் சேர்ந்து சனிக்கிழமை ஒரு வரிசை கிடுகு பரப்பிக் கட்டினார்கள், கிடுகு முடிந்துபோனதால் இரண்டாம் வரிசை பாதியில் நிற்கிறது. வெப்பமானியை அம்மா திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாளை முட்டை வைக்கப் போகிறாராம். அதற்கு முன் கடைசியாக இன்று பகல் 2 மணிக்கு அளந்தேன். அறையில் 35 பாகை.